வயலில் வளர்ந்த ஓட்டக்காரர் பி.இ.டி. ஆகப் போகும்போது: சுமை, மைதானம், சாப்பாடு, சான்றிதழ்

வரப்போட்டம் எழுதியது:

நடவு, களையெடுப்பு, கதிர்க்கட்டு தூக்குவது என்று வளர்ந்து, மாவட்டம், மாநிலம் வரை ஓடி, பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) முடித்துக் கிராமத்துப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியராக, அதாவது பி.இ.டி. ஆகப் போகிறவர்களுக்காக இந்த இழை. முதல் ஆண்டில் கைக்கு உதவுகிற விஷயங்களை மட்டும் சேர்ப்போம்.

என் தரப்பு இது: அவரிடம் வருகிற பிள்ளைகள் மைதானத்துக்கு வரும் முன்பே உழைத்துவிட்டு வருகிறார்கள். அந்த உழைப்பை நோட்டில் எழுதாமல் போடும் பயிற்சித் திட்டம் அந்தப் பள்ளிக்கு ஆகாது. இதை மற்ற எவரையும்விட வயலில் வளர்ந்த ஆசிரியருக்கே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர்தான் பல நேரம் "நாங்களும் களையெடுத்துட்டுத்தானே ஓடினோம்" என்று அதைத் தாண்டிப் போய்விடுகிறார். அப்படி ஓடியவர்களில் பாதியிலேயே நின்றுபோனவர்கள் யாரும் ஆசிரியராக வந்து அதைச் சொல்வதில்லை.

கணக்கு வைக்க எளிய முறை உண்டு. வேலை எவ்வளவு கடினமாக இருந்தது என்று பிள்ளையிடமே 0 முதல் 10 வரை மதிப்பெண் கேளுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 50 நிமிட வேகப் பயிற்சிக்கு 7 என்று சொன்னால் 350. அதே பெண் ஞாயிறு 3 மணி நேரம் நடவு நட்டு அதற்கு 5 என்றால் 900. இரண்டும் ஒரே வகைச் சுமை இல்லை, ஒப்பீடு தோராயமானதுதான். ஆனாலும் திங்கள் காலை அந்தப் பெண் ஏன் 200 மீட்டரில் 3 விநாடி பின்தங்குகிறாள் என்பதற்கு நோட்டில் விடை இருக்கும். சோம்பேறி என்று திட்ட வேண்டியிருக்காது.

நடவும் களையெடுப்பும் குனிந்தே செய்யும் வேலை. கீழ் முதுகும் தொடையின் பின்தசையும் மணிக்கணக்கில் இழுபட்டே இருக்கும். மறுநாள் முழுவேக ஓட்டம் வைத்தால் தொடைப் பின்தசை கிழிவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். நடவுக்கு மறுநாள் 20 நிமிட மெது ஓட்டம், இடுப்புப் பயிற்சி, அவ்வளவுதான்.

டெல்டாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்தால் குறுவை நடவு ஜூன், ஜூலை. பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் குறுவட்டப் போட்டிகள் அதை ஒட்டியே வரும். சம்பா நடவு செப்டம்பர், அக்டோபர். ஆகவே போட்டிக்கு முந்தைய 10 நாளுக்கு மட்டும் வயல் வேலையிலிருந்து விலக்கு கேட்டு வீட்டுக்கு நேரில் போவது ஆசிரியரின் வேலைகளில் ஒன்று. ஆண்டு முழுவதும் விலக்கு கேட்டால் எந்த வீட்டிலும் நடக்காது. 10 நாள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

நல்ல தொடக்கம் சார். நான் மைதானத்தைப் பற்றி எழுதுகிறேன். எத்தனையோ பள்ளிகளில் தடம் கண்ணளவில் போடப்பட்டிருக்கிறது. அங்கே எடுக்கும் நேரத்தை நம்பி ஒரு பையனை மாவட்டத்துக்குத் தயார் செய்ய முடியாது.

400 மீ. தடத்துக்கு இடம் இருக்கும் கிராமப் பள்ளி அபூர்வம். 90 மீ. × 50 மீ. இடம் இருந்தால் 4 தடத்தோடு 200 மீ. ஓடுபாதை போடலாம்.

மைதானத்தின் நடுவே நீளவாக்கில் 40 மீ. இடைவெளியில் இரண்டு முளைகள் அடியுங்கள். இவைதான் இரு வளைவுகளின் மையம். ஒவ்வொரு முளையிலும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருபுறமும் 18.90 மீ. அளந்து புள்ளி வையுங்கள். செங்குத்து சரியா என்று 6, 8, 10 மீட்டர் முக்கோணத்தால் பாருங்கள். நான்கு புள்ளிகளும் கிடைத்ததும் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் 55.03 மீ. வந்தால் தொடரலாம். வராவிட்டால் இங்கேயே நின்று திருத்துங்கள், பிறகு திருத்த முடியாது.

அடுத்து முளையிலிருந்து கம்பியால் அரைவட்டம். ஆரங்கள் 18.90, 20.12, 21.34, 22.56, 23.78. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீ. உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளித்தான் ஓடும் தூரம் கணக்கு. அதனால் ஓடும் ஆரம் 19.10, ஒரு வளைவு 60 மீ., இரண்டு வளைவும் இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்து 200.

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். இழுத்தால் நீளும். ஆரத்தில் 1 செ.மீ. பிசகினால் ஒரு சுற்றில் 6 செ.மீ.க்கு மேல் பிசகும். ஜி.ஐ. கம்பியும் இரும்பு டேப்பும் போதும். முளை ஆடாமல் இருக்க ஓர் அடி ஆழமாவது இறங்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு தொடக்கக் கோட்டு இடைவெளியில், அதாவது வெளித் தடத்துப் பிள்ளை கூடுதலாக ஓடாமல் இருக்க அதன் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போடும் தூரத்தில். புத்தகத்தில் 2ஆம் தடத்துக்கு 7.04 மீ. என்று பார்த்து அதையே வைத்துவிடுகிறார்கள். அது உள்விளிம்பில் உயர்த்திய கட்டை இருக்கும் ஓடுபாதைக்கு. அங்கே 1ஆம் தடத்தை 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். வெறும் கோடு போட்ட மண் தரையில் எல்லாத் தடத்துக்கும் 20 செ.மீ. தான். ஆகவே ஒரு சுற்றுக்கு 2ஆம் தடம் 7.67, 3ஆம் தடம் 15.33, 4ஆம் தடம் 23.00. 7.04 வைத்தால் 2ஆம் தடத்துப் பிள்ளை 63 செ.மீ. கூடுதலாக ஓடுகிறது.

இந்த இடைவெளி வளைவில் விழும் என்பதால் டேப்பை நேராக இழுத்து அளக்கக் கூடாது. அந்தந்தத் தடத்தின் உள்கோட்டின் மேலேயே டேப்பை வளைத்து வைத்து அளப்பதென்றால் முறையே 7.59, 15.19, 22.79 மீ. எடுத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. தள்ளி ஓடும்போது அது சரியான தூரமாகிவிடும்.

கோடு போடும் பொடி: கல் சுண்ணாம்பை நீர்க்காமல் பொடித்துத் தூவுவது ஆபத்து, கண்ணில் பட்டால் வெந்துவிடும். நீர்த்த சுண்ணாம்புகூட ஈரத் தரையில் வெறுங்காலைப் புண்ணாக்கும். கோலப்பொடிக்குப் பயன்படும் வெள்ளைக்கல் மாவு பாதுகாப்பானது.

100 மீ. ஓட்டத்துக்கு மட்டும் இந்த இடம் போதாது. தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீ., முடிவுக்குப் பின்னால் 17 மீ. என்று மொத்தம் 120 மீ. நேராக வேண்டும். இடம் இல்லையென்றால் 60 மீ. வரை பள்ளியில், முழு 100 மாவட்ட விளையாட்டரங்கில். சுவரைப் பார்த்து ஓடும் பிள்ளை 80 மீட்டரிலேயே வேகத்தைக் குறைக்கப் பழகிவிடும்.

---

நான்காம்தடம் எழுதியது:

சுண்ணாம்புக்கோடு சாருக்கு ஒரு சேர்க்கை. 19 மீட்டர் ஆர வளைவு ரொம்ப இறுக்கம். எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடினால் இடது கணுக்காலும் முன்னங்கால் எலும்பும் வலிக்கத் தொடங்கும். மெது ஓட்டம் எல்லாம் வலஞ்சுழியாக ஓடட்டும். வேகப் பயிற்சி மட்டும் இடஞ்சுழியாக.

உள்கோடும் முக்கியம். வெறும் தரையில் கோடு அழிந்த பிறகு பிள்ளைகள் வளைவில் உள்ளே வெட்டி ஓடப் பழகுகிறார்கள். 2017இல் புவனேசுவரம் ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 மீ. இரண்டிலும் தங்கம் வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், வளைவில் உள்ளே மிதித்ததாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டு வெண்கலம் போனது. 25 சுற்று ஓடிய பிறகு! அவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கே நெரிசலில் அப்படி நேர்கிறது. வளைவு நெடுக 2 மீட்டருக்கு ஒரு பழைய டென்னிஸ் பந்துப் பாதியைக் கவிழ்த்து வைத்தால் பிள்ளைகளின் கால் தானாக விலகும். செங்கல் வைக்காதீர்கள், கணுக்கால் பிசகும்.

---

கரிசல்வேகம் எழுதியது:

வரப்போட்டம் சொன்னதோடு பாதி ஒத்துப்போறேன். சுமையை எழுதணும், சரி. ஆனா இதுல இன்னொரு பழக்கமும் ஒளிஞ்சிருக்கு. "விவசாயி வீட்டுப் பிள்ளை, மூச்சு நல்லா இருக்கும்"னு சொல்லி எல்லாரையும் 1500, 3000 பக்கம் தள்ளிவிடுறது. வயல் வேலை தாங்கும் சக்தி கொடுக்கும். குந்தி உட்கார்ந்து வளர்றதால கணுக்காலும் இடுப்பும் நல்லா மடங்கும். ஆனா வேகத்தை அது கூட்டவும் செய்யாது, இல்லைன்னு காட்டவும் செய்யாது. சோதிச்சுப் பார்த்தாதான் தெரியும்.

ஜூன் மாசம் மூணு சோதனை போதும். 20 மீ. ஓடி வேகம் எடுத்து அதுக்கடுத்த 30 மீட்டருக்கு மட்டும் நேரம். நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டல், மூணு வாய்ப்பு. வேற ஒரு நாள்ல 12 நிமிச ஓட்டம். முதல் ரெண்டிலயும் வகுப்பில் முதல் வரிசையில வந்து மூணாவதுல நடுவுல நிக்கிற பிள்ளையை 1500 ஓட விடாதீங்க. 400, நீளம் தாண்டல், தொடர் ஓட்டம் இதுல ஏதாவது ஒண்ணுல அவன் இடம் இருக்கும். திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் நீளம் தாண்டல்ல தொடங்கி 400க்கு மாறி 2014 இன்சியான் ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கினார். 14 வயசுல ஒரு பிள்ளையோட நிகழ்வை முடிவு கட்டுறது அவசரம்.

வேகத்தை வாரத்துக்கு ரெண்டு நாள், பிள்ளை களைப்பில்லாம இருக்கும்போது, பயிற்சியோட தொடக்கத்துலயே வைங்க. 4 முதல் 6 தடவை 30 மீ. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 3 நிமிசம் முழு ஓய்வு. அந்த ஓய்வை வெட்டினீங்கன்னா அது வேகப் பயிற்சி இல்ல, மூச்சுப் பயிற்சி ஆயிடும். மூச்சுதான் அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கே.

---

வரப்போட்டம் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். நிகழ்வைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கரிசல்வேகம் சொன்னதே சரி.

800 ஓடும் 16 வயதுப் பையனுக்கு ஒரு மாதிரி வாரம். அவன் இப்போது 2 நிமிடம் 16 விநாடி ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 200 மீட்டருக்கு 34 விநாடி.

திங்கள்: 30 நிமிட மெது ஓட்டம், பேசிக்கொண்டே ஓடும் வேகம். செவ்வாய்: 30 மீ. வேகம் 4 தடவை, பிறகு 200 மீ. 4 தடவை 34 விநாடியில், இடையே 90 விநாடி. 5 நிமிடம் நடந்துவிட்டு மறுபடியும் 4. புதன்: 25 நிமிட மெது ஓட்டம் அல்லது கபடி. வியாழன்: ஏரிக்கரைச் சரிவில் 60 மீ. ஏற்றம் 8 தடவை, இறங்கும்போது நடை. வெள்ளி: ஓய்வு. சனி: வாய்க்கால் கரையில் 45, 50 நிமிடம். ஞாயிறு: வீட்டில் வயல் வேலை இருந்தால் அதுதான் அன்றைய பயிற்சி, எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாயன்று நடக்கும் தவறு எப்போதும் ஒன்றே. முதல் 200ஐ 30 விநாடியில் பறந்துவிட்டுக் கடைசி 200ஐ 39இல் இழுத்துக்கொண்டு வருவார்கள். எட்டும் 33, 35 விநாடிக்குள் வர வேண்டும். ஒன்று 36ஐத் தாண்டினால் அன்று அதோடு நிறுத்திவிடுங்கள். போட்டியிலும் இதே நோய்தான். 2:16 பையன் முதல் 400ஐ 66, 67இல் கடந்தால் போதும். ஊரே கத்துகிறது என்று 61இல் போனால் 600 மீட்டரில் கால் கட்டிக்கொள்ளும்.

கடின நாளுக்கு அடுத்து லேசான நாள் என்பதை உலகுக்குப் பரப்பியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் பில் பவர்மேன். ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் அவரும் மெட்ஃபோர்டில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்தான்.

---

முருங்கைக்கீரை எழுதியது:

யாரும் இன்னும் இரத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சியை எவ்வளவு செதுக்கினாலும் ஹீமோகுளோபின் 9இல் இருக்கும் பெண்ணால் 800 ஓட முடியாது.

12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. பையன்களுக்கு 14 வயது வரை 12, 15 வயதிலிருந்து 13. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை பாருங்கள்.

வயலில் வெறுங்காலோடு நிற்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும். பள்ளியில் ஆண்டுக்கு இரு முறை தரும் அல்பென்டசோல் 400 மி.கி. மாத்திரையைப் பிள்ளைகள் மென்று விழுங்குகிறார்களா என்று நின்று பாருங்கள். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அதன் மேல் டீ குடிக்கக் கூடாது, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் நன்றாக ஏறும்.

புரதம்: 50 கிலோ எடையுள்ள ஓட்டக்காரருக்கு நாளுக்கு 60 முதல் 70 கிராம். சத்துணவு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, சுமார் 30 கிராம் எடுத்தால் 7 கிராம். மீதி பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், மீன் என்று சேர வேண்டும். காலைப் பயிற்சி முடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் கம்பங்கூழும் பள்ளியிலேயே ஏற்பாடு செய்ய முடிந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. கடையில் டப்பாவில் விற்கும் பொடிகளை வாங்கித் தராதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று லேபிள் முழுதும் சொல்லாது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது.

பெண்களுக்கு மாதவிடாய் 3 மாதம் தொடர்ந்து வராவிட்டால் அது நல்ல உடற்தகுதியின் அடையாளம் அல்ல, சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். பயிற்சியைக் குறைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆண் ஆசிரியர் இதைக் கேட்கத் தயங்குவார், அதனால் ஓர் ஆசிரியையிடம் அந்த நோட்டை ஒப்படைத்துவிடுவது நல்லது.

---

பெல்லடிச்சாச்சு எழுதியது:

வெறுங்கால் பற்றி ஒரு கேள்வி. ஷூ வாங்க வசதி இல்லாத பிள்ளைகளை அப்படியே ஓட விடலாமா? ஸ்பைக்ஸ் எப்போது?

---

நான்காம்தடம் எழுதியது:

மண்ணில் மெது ஓட்டம், ஏற்ற ஓட்டம் வெறுங்காலில் ஓடலாம். ஆனால் தரையை முதலில் ஆயத்தப்படுத்த வேண்டும். நெருஞ்சி காய்க்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். காய்த்த பிறகு பிடுங்கினால் முள்ளை நீங்களே விதைத்த மாதிரி. சீமைக் கருவேல முள் குத்தினால் நுனி உள்ளேயே ஒடிந்து சீழ் பிடிக்கும், தோண்டாமல் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பைக்ஸ் வாங்கினால் ஆணி நீளம் முக்கியம். செயற்கை ஓடுபாதையில் 9 மி.மீ.க்கு மேல் கூடாது, பல அரங்குகளில் 6 தான் அனுமதி. போட்டியன்று முதல் முறை போடுவது கெண்டைக்காலைப் பிடிக்க வைக்கும். மூன்று வாரம் முன்பிருந்து வாரம் இரு நாள், 30 மீ. ஓட்டங்களுக்கு மட்டும். மண்ணிலேயே பழகிய பிள்ளைகளை முடிந்தால் முந்தின நாளே அரங்குக்குக் கூட்டிப்போய் 15 நிமிடம் ஓடவிடுங்கள். செயற்கைத் தரை காலைத் திருப்பி எறியும் விதமே வேறு.

வளரும் வயதையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து, 2 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் தாண்டல் பயிற்சியைப் பாதியாக்குங்கள். அந்தச் சமயத்தில் முட்டிக்குக் கீழே எலும்பு முனையிலும் குதிகாலிலும் வலி வருவது வழக்கம். தைலம் தேய்த்து ஓடச் சொன்னால் மாதக்கணக்கில் நீளும்.

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

வேலை பற்றியும் யாராவது கேட்பார்கள், சுருக்கமாக எழுதிவிடுகிறேன். பட்டப்படிப்புக்குப் பிறகு பி.பி.எட். இரண்டு ஆண்டு. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கி, இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பழமையானது, மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியரான பிறகு பயிற்றுநர் பக்கம் போக நினைப்பவர்கள் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) நடத்தும் 6 வாரச் சான்றிதழ் படிப்பைக் கோடை விடுமுறையில் முடிக்கலாம். ஓராண்டு டிப்ளமோவுக்கு விடுப்பு வேண்டும்.

ஓடும் காலத்திலேயே சான்றிதழைச் சேர்த்து வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்பது கோப்பையை அல்ல, படிவத்தை. தேசிய அளவுக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானதற்குப் படிவம் 3, பள்ளி தேசியப் போட்டிக்குப் படிவம் 4. சங்கச் செயலாளரின் கையெழுத்தைப் போட்டி முடிந்த மாதத்திலேயே வாங்குங்கள். ஐந்து ஆண்டு கழித்துப் போனால் அந்தப் பொறுப்பில் வேறொருவர் இருப்பார். இப்போது பயிற்சி தரும் பிள்ளைகளுக்கும் இதையே செய்து கொடுங்கள். பல வீடுகளில் இதைச் சொல்லித்தர வேறு ஆள் கிடையாது.

---

பெல்லடிச்சாச்சு எழுதியது:

நன்றி சார். இன்னொன்று. காலாண்டுத் தேர்வு வந்தால் பி.இ.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு வழி?

---

வரப்போட்டம் எழுதியது:

பீரியடை நம்பிப் பயிற்சித் திட்டம் போடாதீர்கள். காலை 6:30 முதல் 7:45 வரை, வாரம் நான்கு நாள் போதும். வெயிலும் ஏறியிருக்காது. பீரியட் என்பது பள்ளியில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமான நேரம், 12 ஓட்டக்காரர்களுக்கு மட்டும் ஆனது அல்ல. அதை விட்டுக்கொடுக்காமல் இருக்க, ஜூனிலேயே தலைமை ஆசிரியரிடம் ஆண்டுத் திட்டத்தை எழுத்தில் கொடுங்கள். எந்த வாரம் என்ன பயிற்சி, எந்த வகுப்புக்கு எந்தச் சோதனை, மதிப்பெண் எங்கே பதிவாகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். திட்டம் காகிதத்தில் இருக்கும் பீரியடை எடுத்துக்கொள்ளச் சக ஆசிரியர்களும் யோசிப்பார்கள்.

காலைப் பயிற்சிக்குப் பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் மூன்றைச் சரிசெய்யுங்கள். ஒரே தெருவிலிருந்து வருபவர்கள் சேர்ந்து வர வேண்டும். கழிவறைச் சாவி 6:15க்கே திறந்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்து உடை மாற்ற ஓர் அறை வேண்டும். இதில் சாவிதான் பல இடங்களில் தடை. காவலாளியிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று என்று இரண்டு சாவி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.